போன் நன்றாகப் பேசுகிறது, இணையம் மட்டும் அறுந்து போகிறது: பழைய கணினியா, பழைய கம்பியா?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தில் உங்கள் மாமனார் வீடு. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மேசைக் கணினி, லேண்ட்லைன் கம்பி வழியாக வரும் பிராட்பேண்ட். பகலில் ஓரளவு வேலை செய்கிறது. மாலையிலும் மழை நாட்களிலும் அறுந்து அறுந்து வருகிறது. இணைப்பு இருக்கும் நேரத்திலும் வங்கித் தளமும் பட்டா பார்க்கும் தளமும் திறப்பதில்லை, சில பழைய செய்தித் தளங்கள் மட்டும் திறக்கின்றன. லைன்மேன் கம்ப்யூட்டர் பழசு என்கிறார், கணினிக் கடைக்காரர் லைன் சரியில்லை என்கிறார், இவற்றில் எது உண்மை, புதுக் கணினி வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால் இது ஒரு கேள்வியாகத் தெரியவில்லை. இணைப்பு அறுந்து போவது ஒரு பழுது, குறிப்பிட்ட தளங்கள் திறக்காதது வேறொரு பழுது. இரண்டும் ஒரே திரையில் தெரிவதால் ஒன்றாகக் கலந்துவிட்டன. லைன்மேனும் கடைக்காரரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்; ஆனால் இருவருமே அடுத்தவர் பாதியைக் காட்டித் தம் பாதியிலிருந்து நழுவிக்கொள்கிறார்கள்.

தொலைபேசியின் வெளிப்புறப் பராமரிப்பில் பயிற்சி பெற்று, பின்னர் டெல்டா மாவட்டங்களில் வீட்டு இணைப்புகளையும் கணினிகளையும் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மோடம் ஓர் எல்லைக்கல். அதற்கு அப்பால் எக்ஸ்சேஞ்ச் (தொலைபேசி நிலையம்) வரை நடப்பதில் கணினிக்குப் பங்கு கிடையாது. மோடத்தில் ‘டி.எஸ்.எல்.’ அல்லது ‘ஏ.டி.எஸ்.எல்.’ (தொலைபேசிக் கம்பி வழியே இணையம் அனுப்பும் முறையின் பெயர்) என்று எழுதியிருக்கும் விளக்கு, உங்கள் மோடமும் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியும் ஒன்றையொன்று கண்டுகொண்டனவா என்பதை மட்டுமே காட்டுகிறது. கணினியை அணைத்து, அதன் கம்பியைப் பிடுங்கி வைத்தாலும் அந்த விளக்கு அசையாமல் எரிய வேண்டும். ஒரே விதிவிலக்கு, கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகி, கணினியிலுள்ள மென்பொருளாலேயே இயங்கும் மிகப் பழைய மோடங்கள். அவற்றில் கணினி திணறினால் இணைப்பும் திணறும். உங்களுடையது சுவர் மின்சாரத்தில் தனி அடாப்டர் கொண்டு இயங்குவதாக எழுதியிருப்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆகவே மாலையில் இணைப்பு அறுந்ததும் திரையைப் பார்க்க வேண்டாம், மோடத்தைப் பாருங்கள். டி.எஸ்.எல். விளக்கு மட்டும் சிமிட்டத் தொடங்கி, சிறிது நேரத்துக்குப் பின் மீண்டும் நிலையாக எரிந்தால், பழுது கம்பியில். எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து முதலிலிருந்து எரிந்தால், மோடத்துக்குப் போகும் மின்சாரம் தடுமாறுகிறது. இந்த இரண்டாவது வகை நம் பகுதியில் பலரும் நினைப்பதைவிட அதிகம். மாலையில் தெருவெங்கும் விளக்கும் மின்விசிறியும் ஓட, பக்கத்தில் பம்ப்செட்டும் இயங்கினால் மின்னழுத்தம் தாழ்கிறது. பல ஆண்டுகள் உழைத்த அடாப்டருக்குள் மின்தேக்கிகள் உலர்ந்திருந்தால் அந்தத் தாழ்வைத் தாங்க முடியாமல் மோடம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். அதே வோல்ட் அளவும் அதே துருவமும், குறையாத ஆம்பியரும் கொண்ட வேறொரு அடாப்டரை மாற்றிப் பார்ப்பது மிகக் குறைந்த செலவில் முடியும் சோதனை. மூன்றாவதாக, டி.எஸ்.எல். விளக்கு சிறிதும் அசையாமல் ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் அணைந்தால், கம்பி நன்றாக இருக்கிறது, பயனர் கணக்கை ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் தடை என்று பொருள்.

போன் தெளிவாகக் கேட்கிறதே, அப்படியிருக்கக் கம்பி எப்படிப் பழுதாகும் என்று லைன்மேன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பேச்சு அந்தக் கம்பியில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அடிப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது. இணையமோ சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கி, பழைய ஏ.டி.எஸ்.எல். முறையில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையும், 2003-இல் தரப்படுத்தப்பட்ட ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையும் பரவியிருக்கிறது. அந்தப் பரப்பை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள நூற்றுக்கணக்கான சிறு அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமை தாங்கும் என்று அளந்து, அதற்கேற்பவே மோடம் தரவை ஏற்றுகிறது. அலைவெண் உயர உயரச் செம்பில் இழப்பும் கூடும். அதனால் பேச்சுக்குச் சற்றும் தடையாக இல்லாத ஒரு துருப்பிடித்த இணைப்பு, இணையத்தைக் கொன்றுவிட முடியும். இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன்: இரண்டு இழைகளில் ஒன்று முழுவதும் அறுந்து டயல் டோனே இல்லாத வீட்டில், இணையம் மட்டும் மெதுவாக, நொண்டிக்கொண்டு வரும். உயர் அலைவெண்கள் சிறு இடைவெளியைத் தாண்டிக் கசியக்கூடியவை என்பதே காரணம். எனவே போன் பேசுகிறது என்பது கம்பியின் நலத்துக்குச் சான்று ஆகாது.

கம்பியில்தான் பழுது என்று விளக்கு காட்டினாலும், உடனே புகார் எழுத வேண்டாம்; கம்பியின் கடைசிச் சில மீட்டர் உங்கள் மாமனார் வீட்டுக்குள்தான் இருக்கிறது. கூடத்தில் ஒரு போன், மாடியில் ஒரு பாரலல் போன், இடையில் எப்போதோ கழற்றிய ஃபேக்ஸ் கருவிக்கான கம்பி என்று பழைய வீடுகளில் கிளைகள் பல. ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி, போனுக்குப் பேச்சு அலைகளை மட்டும் அனுப்பி, மோடத்துக்கு உரியதைப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு முன்னால் எந்தக் கருவி கிளை பிரிந்தாலும் அது இணைய அலைகளை விழுங்கும், அல்லது எதிரொலிக்கும். போன் மணி அடிக்கும்போதோ ரிசீவரை எடுக்கும்போதோ இணையம் அறுந்தால், ஸ்பிளிட்டர் பழுதாகியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு போன் ஸ்பிளிட்டரைத் தவிர்த்துக்கொண்டு நேரே கம்பியில் இணைந்திருக்கிறது என்று முதலில் ஐயப்படுங்கள். மணி அடிக்கும்போது அந்தக் கம்பியில் ஏறத்தாழ 75 வோல்ட் மாறுமின்னோட்டம் வருகிறது என்பதை நினைத்தால், அந்தக் குலுக்கல் வியப்பளிக்காது. சோதனை எளிது. வெளியிலிருந்து வரும் டிராப் வயர் வீட்டுக்குள் நுழைந்து முதலில் சேரும் ரோசெட் பெட்டியில், மற்ற எல்லாக் கிளைகளையும் கழற்றிவிட்டு, ஸ்பிளிட்டரும் போனும் இல்லாமல் மோடத்தை மட்டும் குட்டையான நல்ல கம்பியால் இணைத்து, ஒரு மாலை முழுவதும் விட்டுவையுங்கள். விளக்கு நிலைத்தால் பழுது வீட்டுக்குள். அப்போதும் சிமிட்டினால், வீட்டுக்குள் ஓடும் கம்பியில் குறை இல்லை என்று துணிந்து சொல்லலாம். இந்த ஒரு சோதனையைச் செய்து வைத்திருப்பவரிடம் லைன்மேன் பேசும் விதமே வேறு.

மழை நாட்களில் மோசமாகிறது என்ற உங்கள் குறிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் மண் நீரைக் குடித்து நிற்கிறது. புதைந்த கேபிளின் ஜாயிண்டுகளிலும், சாலையோரப் பில்லர் பெட்டிகளின் அடியிலும், கம்பத்தில் தொங்கி வீடுகளுக்குக் கம்பி பிரிக்கும் டி.பி. பெட்டிகளிலும் ஈரம் ஏறுகிறது. செம்பு பச்சை பூக்கிறது. அந்தப் படலம் மின்னோட்டத்தை ஒரு நேரம் விடும், ஒரு நேரம் விடாது. இதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: இணையம் போய்விட்ட வேளையில் போனை எடுத்துச் சிறிது நேரம் பேசினால் இணையம் திரும்பி வரும். ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் மின்கலத்திலிருந்து நேர்மின்னோட்டம் ஓடி, இணைப்பிலுள்ள ஆக்சைடு படலத்தைச் சற்று உடைத்துத் தற்காலிகமாகத் தொடர்பை மேம்படுத்துகிறது. உங்கள் வீட்டில் இது நடக்கிறது என்றால், எங்கோ ஒரு ஜாயிண்ட் அரித்திருக்கிறது என்பதில் எனக்கு ஏறக்குறைய ஐயமே இல்லை. இன்னொன்று, ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு, அந்தச் சில நொடி அமைதியில் உற்றுக் கேளுங்கள். கரகரப்போ பொரிவது போன்ற ஒலியோ கேட்டால் அதுவும் அதே கதை. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பின், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகள் பலவற்றைப் பிற்பாடு நானே பிரித்துச் சரிசெய்திருக்கிறேன். உங்கள் கிராமத்தின் கம்பியும் அப்படி ஒட்டுப் போட்டதா என்பதை உங்கள் லைன்மேன்தான் சொல்ல முடியும்.

எண்களும் உதவும். உலாவியில் 192.168.1.1 என்று இட்டால் பெரும்பாலான மோடங்கள் தம் அமைப்புப் பக்கத்தைக் காட்டும், அதில் டி.எஸ்.எல். நிலை அல்லது புள்ளிவிவரம் என்ற பகுதியில் இரண்டு அளவுகள் டெசிபலில் இருக்கும். ஒன்று அட்டன்யுவேஷன், அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதற்குள் அலை எவ்வளவு தேய்ந்தது என்பது. வழக்கமான மெல்லிய செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13, 14 டெசிபல் என்று தோராயமாகக் கணக்கிடலாம். 60-ஐத் தாண்டினால் வீடு கடைமடை வயலைப் போல, வந்து சேருவதே மிச்சம்தான், வேகத்தை எதிர்பார்க்க முடியாது. இந்த எண் நாளுக்கு நாள் பெரிதாக மாறக்கூடாது. மழைக்குப் பின் திடீரென்று ஏறினால் ஜாயிண்ட் பழுது உறுதி. மற்றொன்று எஸ்.என்.ஆர். மார்ஜின், இரைச்சலுக்கு மேல் கைவசம் உள்ள உபரி. பொதுவாக 6 டெசிபலை இலக்காக வைத்தே எக்ஸ்சேஞ்ச் இணைக்கிறது. அது 2, 3 என்று சரிந்தால் எந்த நேரமும் அறும். காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் இந்த இரண்டையும் குறித்து வையுங்கள். மார்ஜின் மாலையில் மட்டும் சரிகிறது, அட்டன்யுவேஷன் அசையவில்லை என்றால், அது ஈரத்தின் வேலையாக இருக்காது. மாலையில் மட்டும் எழும் ஓர் இரைச்சலின் வேலை.

அந்த இரைச்சல் எங்கிருந்து என்பதில்தான் நான் உறுதியாகப் பேச முடியாது. மலிவான எல்.இ.டி. விளக்கின் உள்மின்சுற்று, பழைய டியூப்லைட் சோக், செட்டாப் பெட்டியின் அடாப்டர், இன்வெர்ட்டர் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். அதே கேபிள் கட்டில் அக்கம்பக்க வீடுகளின் இணைப்புகள் மாலையில் ஒன்றன்மேல் ஒன்று கசிவதாகவும் இருக்கலாம். சூரியன் மறைந்தபின் மத்திய அலை வானொலி நெடுந்தொலைவிலிருந்து எட்டுவதும் ஒரு காரணம். திருச்சி வானொலி நெடுங்காலம் ஒலிபரப்பிய 936 கிலோஹெர்ட்ஸ் ஏ.டி.எஸ்.எல். பரப்புக்குள்ளேயே விழுகிறது என்பதை மூத்தவர்கள் இரசிப்பார்கள். ஆனால் நடைமுறையில் வீட்டுக்குள் இருக்கும் குற்றவாளியே அதிகம். பரணில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, மாலையில் மோடத்தின் கம்பியோரமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு விளக்காக அணைக்கும்போது எதை அணைத்தால் உறுமல் நிற்கிறதோ அதுதான் எதிரி. விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிடச் சீக்கிரம் காட்டாது.

இனி மோடத்துக்கு இப்பால், கணினியின் பங்கு. விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால் மட்டுமே இங்கே வர வேண்டும். கணினியிலிருந்தே டயல் செய்யும் முறையில் இருந்தால் வரும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்பியில் 678, விண்டோஸ் 7-இல் 651 என்றால் எதிர்முனை பதிலளிக்கவில்லை, 691 என்றால் பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை, கட்டணம் நிலுவையில் இருந்து கணக்கு நிறுத்தப்பட்டாலும் இதே எண் வரலாம், 769 என்றால் கணினிக்குள்ளேயே லேன் கார்டு (இணையக் கம்பி செருகும் பலகை) முடக்கப்பட்டிருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைத் திரையில் முதலில் மோடத்தின் முகவரியான 192.168.1.1-க்கும், அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும், கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். முதல் படியே தோற்றால் கேபிள் அல்லது லேன் கார்டு. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினாலும் அதே பொருள், மோடம் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. இரண்டாவது தோற்றால் மோடத்துக்கு வெளியே. மூன்றாவது மட்டும் தோற்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். அமைப்பில் கோளாறு; மோடத்தின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததாகவே இருந்தால், வேறு யாரேனும் அந்த அமைப்பை மாற்றியிருக்கவும் இடமுண்டு. இடி இறங்கிய மறுநாள் முதல் படி தோற்றால், லேன் கார்டு போயிருக்கும். திறந்த வயல்வெளி வழியே வரும் கம்பிகளில் இது சாதாரணம், தனி பி.சி.ஐ. கார்டு ஒன்று செருகினால் தீரும். ஓர் எச்சரிக்கை: மோடத்தின் பின்புறத் துளையில் ஊசியால் குத்தி ரீசெட் செய்யாதீர்கள். உள்ளே இட்டிருக்கும் பயனர் விவரமும், எக்ஸ்சேஞ்சோடு இணைய மோடத்துக்குத் தேவையான வி.பி.ஐ., வி.சி.ஐ. என்ற இரண்டு எண்களும் அழிந்துவிடும். பி.எஸ்.என்.எல். ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளில் அவை வழக்கமாக 0, 35. மற்ற நிறுவனங்களில் வேறுபடும்.

குறிப்பிட்ட தளங்கள் மட்டும் திறக்காத இரண்டாவது பழுதுக்கு வருகிறேன். இது கம்பியின் குற்றம் அல்ல என்பது உறுதி. தரவை எந்தத் தளத்துக்கு உரியது என்று பார்த்துக் கம்பி தடுப்பதில்லை. முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால், மின்வெட்டுக்குப் பின் ஒவ்வொரு முறையும் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி மறுக்கும். மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தினால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிவதுண்டு. தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், காரணம் எக்ஸ்பியின் வயது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. அதனுடன் வந்த எக்ஸ்ப்ளோரர் உலாவிக்கு, இன்றைய தளங்கள் குறைந்தபட்சமாகக் கேட்கும் டி.எல்.எஸ். 1.2 என்ற மறையாக்க முறை தெரியாது, பழைய 1.0, 1.1 பதிப்புகளை, இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கிவிட்டது. மேலும், ஏராளமான தளங்களின் சான்றிதழ்களுக்கு வேராக, அதாவது அவற்றுக்கு உறுதி தரும் மூலச் சான்றிதழாக இருந்த ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பதிலாக வந்த வேரை இற்றைப்படுத்தாத எக்ஸ்பி அறியாது. எக்ஸ்பியில் ஓடும் கடைசி ஃபயர்பாக்ஸ் பதிப்பான 52, தன் சான்றிதழ் பட்டியலைத் தானே வைத்திருப்பதால் இவற்றில் பல தளங்களைத் திறந்துவிடும். படிப்பதற்கு அது போதும். வங்கி வேலைக்கு அதைப் பயன்படுத்த நான் சம்மதிக்க மாட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினியில் மாமனாரின் கடவுச்சொல்லைத் தட்டுவது, இணைப்பு அறுவதைவிடப் பெரிய தொல்லையைத் தரும்.

எனவே புதுக் கணினி வாங்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்து: வாங்கலாம், ஆனால் மாலையில் அறுவது அதனால் நிற்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அதற்கு முன் உங்கள் கைபேசியை அந்த மோடத்தின் வைஃபையில் இணைத்து, திறக்காத தளங்களைத் திறந்து பாருங்கள். கைபேசியில் திறந்தால் கணினியின் வயதே காரணம் என்பது கையோடு தெரிந்துவிடும். மாலையில் கைபேசியிலும் அறுந்தால் கணினி காரணம் அல்ல என்பதும் அப்படியே. தெரு வரை ஃபைபர் வந்திருந்தால் செம்புக் கம்பியைச் செப்பனிடுவதில் பணமும் பொறுமையும் செலவழிக்க வேண்டாம், மாறிவிடுங்கள்; கண்ணாடி இழையில் ஈரம் பச்சை பூக்காது, மின்னலும் அதன் வழியே வீட்டுக்குள் வராது. ஆனால் ஃபைபர் வந்த பிறகும் எக்ஸ்பி எக்ஸ்பியாகவே இருக்கும், வங்கித் தளம் அப்போதும் திறக்காது.

ஃபைபர் இன்னும் வரவில்லை என்றால், புகாரில் நெட் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ரோசெட் பெட்டியில் தனியாக இணைத்தும் டி.எஸ்.எல். விளக்கு அறுகிறது, மழைக்கு முன் அட்டன்யுவேஷன் இவ்வளவு, பின் இவ்வளவு, மாலையில் மார்ஜின் இவ்வளவு என்று எண்களோடு எழுதுங்கள். லைன்மேனிடம் டி.பி. பெட்டியில் இணைப்பை வெட்டிப் புதிதாகப் போடவும், அதிலும் சரியாகாவிட்டால் கேபிளில் காலியாக உள்ள வேறு கம்பி ஜோடிக்கு மாற்றவும், கடைசியாக எக்ஸ்சேஞ்சில் உங்கள் கம்பி சேரும் போர்ட்டை மாற்றவும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். கும்பகோணம் பக்கம் எந்த ஜாயிண்ட் அரித்திருக்கிறது என்று இங்கிருந்தபடி நான் ஊகிக்க முடியாது. ஆனால் மோடத்தின் மாடலையும், ஒரு வார எண்களையும், எல்லா விளக்குகளும் அணைகின்றனவா டி.எஸ்.எல். மட்டும் அணைகிறதா என்பதையும் எழுதினால், வீட்டுக்குள்ளா வெளியேயா, ஈரமா இரைச்சலா என்ற அளவுக்காவது உறுதியாகச் சொல்ல முடியும்.